ஈர்க்குச்சி வில்லும் பித்தளைக் கொக்கியும்

சமையலறை மேடையில் காபி ஃபில்டருக்கும் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கும் நடுவே அது கிடந்தது. பித்தளைச் சாமான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான், ஆனால் தூக்கினால் பழைய எடைக்கல் மாதிரி கனத்தது. மூன்று விரல் நுழைகிற மாதிரி வளைவு வளைவாகக் குடைந்திருந்தார்கள். ஒரு முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கொக்கி. குக்கரோடு வந்த ஏதோ உதிரி என்று நினைத்து, பற்றுப் பாத்திரத்தோடு தொட்டியில் போட்டுவிட்டேன்.

தங்கை மகள் அலறிக்கொண்டு வந்தாள். "பெரியம்மா! அது என் ரிலீஸ்! தண்ணி பட்டா உள்ள இருக்கற சில்லு துருப்பிடிச்சிடும்!"

ரிலீஸ் என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தீபாவளி ரிலீஸ், பொங்கல் ரிலீஸ். காம்பவுண்ட் என்றால் சுவர். இவளோ பிளஸ் டூ படித்துக்கொண்டே வாரத்தில் மூன்று நாள் அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில் காம்பவுண்ட் வில் பழகுகிறாள். அந்த வில்லின் நாணை விரலால் இழுப்பதில்லை. இந்தக் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். கொக்கி விட்டால் அம்பு போகும். தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். 'நாண்விடுவி' என்று வாயில் வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ரிலீஸ் என்றே வைத்துக்கொண்டேன்.

எங்கள் வில்லுக்கு ஆன செலவு, அம்மாவிடம் வாங்கிய திட்டு மட்டும். 1970களின் மந்தைவெளியில், புது விளக்குமாறு வீட்டுக்குள் வந்த அன்றே நாலைந்து ஈர்க்குச்சி காணாமல் போய்விடும். அவற்றைச் சேர்த்துக் கட்டி வளைத்தால் வில். மளிகைக் கடைப் பொட்டலத்தில் சுற்றி வந்த நூல் நாண். ஒற்றை ஈர்க்கு அம்பு. வெறும் ஈர்க்கு காற்றில் அலைந்து பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் போய் விழும் என்பதால், வெயிலில் இளகிய தெருத் தாரை நகத்தால் சுரண்டி உருட்டி நுனியில் ஒட்டுவோம். அந்தத் தார் உருண்டையின் கனத்தில்தான் அம்பு நேராகப் போகும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அம்பின் வாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாணோடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, இழுத்து, விட்டுவிடுவோம். இதற்கு ஒரு சாஸ்திரப் பெயரே இருக்கிறது என்று பின்னால்தான் படித்தேன். எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1885-இல், உலகத்து மக்கள் நாணை எப்படி எப்படிப் பிடித்து விடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து வகை சொல்கிறார். கிள்ளிப் பிடிப்பதுதான் முதல் வகை, எல்லாவற்றிலும் எளியது. வலுவான வில்லுக்கு ஆகாது, விரல் வழுக்கிவிடும். ஐரோப்பியர் மூன்று விரல் நுனியால் நாணை இழுத்தார்கள். மங்கோலியரும் துருக்கியரும் கட்டைவிரலை மடித்து நாணில் கொக்கியாக மாட்டி, அதன்மேல் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டார்கள்; விரல் அறுபடாமல் இருக்கக் கொம்பிலோ கல்லிலோ மோதிரம் போட்டார்கள். முகலாய அரசர்களிடம் பச்சைக்கல் மோதிரங்கள் இருந்தன. ஷாஜகானின் மோதிரம் ஒன்று இப்போது லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரிலீஸ் என்பது நேற்று வந்த சங்கதி இல்லை. இவளுடைய பித்தளைக்கு அந்த மோதிரம் கொள்ளுத் தாத்தா.

நம் பக்கத்திலும் உண்டு. 'கோதை' என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் மாலை, பெண் என்ற பொருள்களோடு, வில்லாளி கையில் கட்டும் தோல் என்றும் போட்டிருக்கும். ஆண்டாளின் பெயருக்குள் இப்படி ஒரு வில்லாளி ஒளிந்திருப்பதைப் பல மார்கழி கழித்துத்தான் கவனித்தேன். ஏகலைவன் கதையிலும் துரோணர் கேட்டது கையை அல்ல, கண்ணை அல்ல, வலது கட்டைவிரலை. நாணை விடும் வேலையில் அந்த ஒரு விரல் எவ்வளவு பெரியது என்று தெரிந்த ஆள் கேட்ட தட்சிணை அது. விரலைக் கொடுத்த பிறகும் மற்ற விரல்களால் எய்தான், பழைய வேகம் இல்லை என்கிறது பாரதம். கதை சொன்னவருக்கு வில் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த வில்லெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. அம்புலிமாமா படங்களில் இருந்தது. கபாலி தியேட்டரில் மறுபடி மறுபடி வந்த 'கர்ணன்' படத்தில் இருந்தது. 1987-இல் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது, இரண்டு அம்புகள் வானத்தில் நிதானமாகச் சந்தித்து, யோசித்து, ஒன்று மட்டும் அணையும். தெருவே அடங்கிக் கிடக்கும். அடுத்த வாரமே பாண்டி பஜார் நடைபாதையில் பிளாஸ்டிக் வில், நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த அம்பு. எச்சில் தடவி விட்டால் பீரோ கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். விஜயதசமி மாலையில் சுவாமி வேட்டைக்குப் புறப்படுவார். வன்னிக் கிளையைப் பார்த்துக் குருக்கள் அம்பு போடுவார். நாண் இழுத்து விட்டதைவிட அவர் கையால் வீசியதுதான் அதிகம். விழுந்த அம்பைப் பொறுக்கக் கூட்டம் ஒன்றன்மேல் ஒன்று விழும். எனக்கு ஒரு முறை முறிந்த பாதி கிடைத்தது, வெகுநாள் கணக்குப் பெட்டியில் வைத்திருந்தேன்.

ஆனால் உண்மையாகவே தினமும் வில் வளைந்த இடம் எங்கள் வீட்டுக் கூடம்தான். அம்மா பரதநாட்டியம் சொல்லிக் கொடுத்தாள். மாலை ஐந்து மணிக்குத் தட்டுக்கழி சத்தம் ஆரம்பித்தால் ஏழரை வரை ஓயாது. ராமன் வர வேண்டுமா, மன்மதன் வர வேண்டுமா, இடது கையில் சிகரம்: நான்கு விரலை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தி, வில்லைப் பிடித்தாகிவிட்டது. வலது கையில் கடகாமுகம்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் நுனி சேர, மற்ற இரண்டும் விலகி நிற்க, காதுவரை இழு. பூப்பறிப்பதற்கும், மாலை பிடிப்பதற்கும், அம்பு இழுப்பதற்கும் அபிநயத்தில் இதே கை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ராமர் வெண்கலங்களைப் பார்த்தால் தெரியும். வில்லும் இருக்காது, அம்பும் இருக்காது. கை மட்டும் அப்படி நிற்கும். பிடித்த பொருள் போன பிறகும் பிடி போகவில்லை.

மயிலாப்பூர் சபாக்களிலும் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவிலும் ஒரு டிசம்பரில் விடப்படும் அம்புகளை எண்ணினால் குருக்ஷேத்திரம் தோற்றுப் போகும். அத்தனையும் தாளத்தில் விடப்படுபவை. கடகாமுகம் எப்போது அவிழ வேண்டும் என்று அம்மா தட்டிச் சொல்வாள். ஓர் அட்சரம் முன்னே அவிழ்ந்தால் கட்டை நின்றுவிடும். "அம்பு விட்டியா, நழுவ விட்டியா?" என்பாள். தங்கை மகளும் ஆறு வயதிலிருந்து இந்தக் கூடத்தில் அடி வாங்காத குறையாகப் பழகியவள்தான். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவள் ரிலீஸ் வாங்கிய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன் ஒன்று. இந்தச் சாமான் பெரும்பாலும் யாருக்காகச் செய்யப்படுகிறது தெரியுமா? மான் வேட்டைக்காரர்களுக்காக.

அவள் முதலில் வாங்கிய ரிலீஸ் வந்த அட்டைப்பெட்டியில் கிளைக்கொம்பு விரித்த ஒரு மான் தலை அச்சிட்டிருந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டையில் பழுப்பும் பச்சையுமாக ஓக் மரத்து இலை, பட்டை, சருகு. காட்டில் மரத்தோடு மரமாக மறைந்து உட்காரத் தோதான வர்ணம். அடையாறில் அது எதோடும் பொருந்தவில்லை. வேப்பமரத்தடியில் நின்றால் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்காவில் காம்பவுண்ட் வில்லை வாங்குகிறவர்களில் பெரும் பங்கு இலையுதிர் காலத்தில் மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து வெள்ளைவால் மானுக்குக் காத்திருப்பவர்கள். அந்த வில்லே மிசௌரியில் ஹோலஸ் வில்பர் ஆலன் என்ற வில் வேட்டைக்காரர் தன் பட்டறையில் குடைந்து பார்த்ததுதான். 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். இரு முனையிலும் உருளை வைத்து நாணைச் சுற்றிவிட்டார். இழுக்கும்போது பாதி வழியில் முழு பாரம் தெரியும். கடைசிவரை இழுத்துவிட்டால் உருளை திரும்பிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். தங்கை மகளின் வில் 45 பவுண்டு, ஏறத்தாழ 20 கிலோ, தண்ணீர் கேன் ஒன்று. முழுக்க இழுத்து நின்ற பிறகு அவள் விரலில் மிஞ்சுவது நாலு கிலோ. மான் தலை திருப்பும்வரை இழுத்த வில்லோடு காத்திருக்கலாம் அல்லவா, அதற்கு.

இந்த ஊரிலும் அப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. கிண்டிக் காடு ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் வேட்டைக் காடு. கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு 1821-இல் அரசு வாங்கியது. 1910-இல் காப்புக்காடாக்கியபோது 505 ஹெக்டேர். ராஜ்பவன், ஐ.ஐ.டி., சிறுவர் பூங்கா, நினைவகங்கள் என்று பிய்ந்தது போக, 1978-இல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். புள்ளிமானும் வெளிமானும் இன்னும் இருக்கின்றன. 1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், மிச்சமிருந்த சந்துபொந்தை அடைத்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்து இந்தியாவில் விளையாட்டு வேட்டை என்ற பேச்சையே முடித்துவிட்டன. வெளிமான் மேல் கை வைத்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு உள்ளே. துப்பாக்கி, வில், கண்ணி என்று சட்டம் பேதம் பார்ப்பதில்லை. சட்டம் வருவதற்கு முன்பே மயிலாப்பூரில் ஒருவர் அந்த வேலையை வேறு மாதிரி செய்துகொண்டிருந்தார்: மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கேமராக்களைப் பிரித்து ஒட்டித் தானே ஒன்று தயாரித்துக்கொண்டு காடு காடாகப் போனார். அவர் அழுத்தியதும் ஒரு விசைதான். யானை படமாக விழுந்தது, அவ்வளவுதான்.

இந்த வேட்டைத் தடைக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய சாட்சியும் இருக்கிறார். திருவான்மியூரில், கிழக்குக் கடற்கரைச் சாலை நடுவில், பஸ்ஸும் ஆட்டோவும் இருபக்கமும் உரசிக்கொண்டு போக, சின்னதாக ஒரு வால்மீகி கோயில். வேடனாக இருந்து முனிவரானவர். ஜோடியாக இருந்த பறவையில் ஒன்றை வேடன் வீழ்த்தியதைக் கண்டு அவர் வாயிலிருந்து வந்த சாபம்தான் முதல் சுலோகம் என்பது கதை. வில் வேட்டையைக் கண்டித்துப் பிறந்த ஒரு காவியம், வில்லை ஏந்திய ஒருவனைத் தலைவனாக்கியது.

அதற்காகத் தமிழன் வேட்டையே ஆடவில்லை என்று நான் வாதாட மாட்டேன். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். தங்கை மகளிடம் சொன்னேன். "எத்தனை பவுண்டு வில்லு பெரியம்மா?" என்று கேட்டாள். இன்று ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் வைக்கிறார்கள். யானைக்குப் பதில் வட்டம் போட்ட காகிதம். தேசிய அளவிலும் இதே கதைதான். ராஜஸ்தானில் மூங்கில் வில்லால் முயலும் பறவையும் அடித்துத் திரிந்த லிம்பா ராம் என்ற பழங்குடிப் பையனை 1987-இல் அரசுப் பயிற்சித் திட்டம் கண்டெடுத்தது. மறு வருடம் சியோல் ஒலிம்பிக்ஸ். 1992-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் 30 மீட்டரில் 360-க்கு 357 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார்.

சென்னையில் வில் என்றால் நீண்ட காலம் ஒரு முகம்தான் நினைவுக்கு வரும்: ஷிஹான் ஹுசைனி. 'புன்னகை மன்ன'னிலும் 'பத்ரி'யிலும் நடித்தவர், கராத்தேக்காரர். தமிழ்நாடு வில்வித்தைச் சங்கத்தைத் தொடங்கியவர். 2025 மார்ச்சில் மறையும்வரை வில்லும் மாணவர்களும்தான் பேச்சு. அவர் செய்தவற்றில் பலதும் எனக்கு நாடகத்தனமாகப் பட்டதுண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் முதுகில் அம்பறாத்தூணியோடு போவதை இந்த ஊர் வேடிக்கையாகப் பார்க்காமல் போனதில் அவருக்குப் பங்குண்டு. இன்று காம்பவுண்டுக்கு மவுசு ஏறியதற்குக் காரணம் வேறு. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் இந்தியா அள்ளியது. விஜயவாடாவின் ஜோதி சுரேகா வெண்ணம் ஒருவருக்கே மூன்று. அதே வருடம் பெர்லினில் பதினேழு வயது அதிதி சுவாமி உலகச் சாம்பியன் ஆனாள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு இரட்டையர் ஒலிம்பிக்கிலேயே நுழைகிறது. எங்கள் வீட்டில் தங்கை பர்ஸைத் திறந்ததற்கு இந்தப் பட்டியல்தான் காரணம்.

ரிகர்வ் வில்லில், அதாவது ஒலிம்பிக்கில் பார்க்கும் பழைய பாணி வில்லில், ரிலீஸ் வைக்கக் கூடாது. விரலும் ஒரு தோல் துண்டும்தான். மூன்று விரலும் ஒரே நொடியில் நாணை விட்டு விலகாது. நாண் விரல் நுனியில் உருண்டு கொஞ்சம் பக்கவாட்டில் போகும், அம்பு பாம்பு மாதிரி நெளிந்து புறப்படும். காம்பவுண்ட் வில் குட்டை, இழுத்தால் நாண் கூர்மையாக மடங்கி விரலை நெரிக்கும். அதனால் நாணில் ஒரு சின்னக் கயிற்று வளையம் முடிந்து, அதில் கொக்கியை மாட்டுகிறார்கள். ஒரே புள்ளியில் பிடி, ஒரே புள்ளியில் விடுதலை. விதி ஒன்றுதான்: வில்லோடு ஒட்டியிருக்கக் கூடாது, மின்சாரம் கூடாது. மற்றபடி உங்கள் இஷ்டம், உங்கள் பணம். சில ஆயிரத்தில் ஆரம்பித்து, நல்ல தையல் மெஷின் விலைக்கு மேலும் போகிறது.

முதல் ரிலீஸ் மணிக்கட்டு வகை. ஓக் இலைப் பட்டை. துப்பாக்கி மாதிரி ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. வேட்டைக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும், காரணம் புரிகிறது: கையோடு கட்டியே இருப்பதால் பரணிலிருந்து கீழே விழாது, பார்க்காமலே மாட்டலாம், கையுறையோடு இயக்கலாம், மான் நின்ற அந்த ஒரு நொடியில் 'இப்போது' என்று விடலாம். மான் உங்களுக்காகக் காத்திருக்காது.

காகிதம் காத்திருக்கும். சிக்கல் அதில்தான். 50 மீட்டர் தள்ளி 80 சென்டிமீட்டர் வட்டம். பத்துப் புள்ளி கிடைக்கும் மஞ்சள் நடுப்பகுதி 8 சென்டிமீட்டர், ஒரு மெதுவடை அளவு. கையில் எவ்வளவு நிதானம் இருந்தாலும் குறிமுள் அந்த வடையைச் சுற்றி மிதந்துகொண்டே இருக்கும், அப்படியே நிற்காது. ஆறு மாதத்தில் தங்கை மகளுக்கு ஒரு வியாதி வந்தது. முள் மஞ்சளைத் தொட்ட அதே கணத்தில் விரல் தன்னால் விசையைக் குத்தியது. பிறகு மஞ்சளைத் தொடுவதற்கு முன்பே குத்தியது. அம்பு ஏழு மணிப் பக்கம் நீலத்தில் போய்ச் சொருகும். பிறகு முள்ளை மஞ்சளுக்குக் கொண்டுபோகவே முடியவில்லை. கை நடுவழியில் உறைந்து நிற்கும். உலகம் முழுக்க வில்லாளிகளுக்கு வருகிற வியாதி, டார்கெட் பேனிக் என்று பெயர். சாம்பியன்களுக்கும் வந்திருக்கிறது. சிலர் வில்லையே விட்டிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "நீ மியூசிக் ஏதாவது கத்துக்கிட்டியா?"

"டான்ஸ், சார். பத்து வருஷம்."

"அதான். நீ அடில விடுற."

இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பத்து வருடம் அம்மா தட்டிச் சொல்லிக்கொடுத்தது என்ன? சரியாக அந்த அட்சரத்தில் விடு. இந்தப் பெண்ணின் உடம்புக்கு விடுவது என்றால் தாளத்தில் விடுவது. முள் மஞ்சளுக்கு வந்து சேருவதே அவளுக்குச் சமம் விழுகிற மாதிரி. கை அவிழாமல் என்ன செய்யும்?

அவளுக்குத் தேவை, அவள் சொல்லைக் கேட்காத ஒரு ரிலீஸ். பயிற்சியாளர் முதலில் கட்டைவிரல் பொத்தான் வகையைக் கொடுத்துப் பார்த்தார். கைக்குள் பிடிப்பது, கட்டைவிரல் சுற்றிக்கொள்ள ஒரு உருளை. விரல் நுனியால் அழுத்தாமல், விரலின் அடிப்பக்கத்தை அதில் படிய வைத்து, முதுகுத் தசையை மெல்ல இறுக்கினால் முழங்கை பின்னால் போகும். அந்த இழுப்பில் பொத்தான் தானாக விழும். போட்டிக்காரர்களில் நிறையப் பேர் வைத்திருப்பது இதுதான். நான்கு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் கட்டைவிரல் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. மறுபடி குத்து.

பிறகுதான் இந்தப் பித்தளை. கீல் வகை. இதில் விசையே கிடையாது, பொத்தான் கிடையாது. கொக்கிக்கு அடியில் பிறைநிலா வடிவில் ஒரு சில்லு. முழுக்க இழுத்த பிறகு, கைப்பிடி சில பாகை திரும்பினால் கொக்கியின் விளிம்பு பிறையிலிருந்து நழுவும். திருப்புவது விரலின் வேலை அல்ல, முதுகு இறுகும்போது அதுவாகத் திரும்புகிறது. எந்தக் கணத்தில் என்று எய்பவருக்கே தெரியாது. பிறையில் ஒரு பக்கம் சின்னக் கீறல் இருக்கும். நழுவுவதற்குச் சற்று முன் 'டிக்' என்று சொல்லும், தயாராக இரு என்று. பலருக்கு அது தைரியம். பயிற்சியாளர் இவளுக்கு அந்த டிக்கை எடுத்துவிட்டார். "டிக்னு கேட்டா அதையும் தாளமாக்கிடுவே" என்றாராம். பிறையைப் புரட்டிக் கீறல் இல்லாத பக்கம் போட்டார்.

எடை பற்றியும் பேச்சு வந்தது. அலுமினியத்தில் இதே சாமான் பாதி எடையில் கிடைக்கிறது. பித்தளை கனம் கை நடுக்கத்தை அமுக்குகிறது என்கிறார்கள். சென்னை மே மாதத்தில் உள்ளங்கை வியர்த்தாலும் கனமான பிடி அவ்வளவாக வழுக்காது. அவளுடைய விரல் குட்டை, நான்கு விரல் பிடியில் சுண்டுவிரல் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் மூன்று விரல். மணிக்கட்டு வகையிலிருந்து கைப்பிடிக்கு மாறினால் கை தாடையில் உட்காரும் இடம் மாறிவிடும், வில்லின் இழுநீளத்தையும் திருத்த வேண்டும். இதையெல்லாம் யாரும் முதலில் சொல்லவில்லை. மெரினாவிலிருந்து வரும் உப்புக் காற்றுக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சில்லு சிவந்துவிடும் என்பதையும் விற்றவர் சொல்லவில்லை. இரவில் அதை அரிசி டப்பாவில் வைக்கிறாள். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைக்கிறாள். அதனால்தான் நான் தொட்டியில் போட்டதற்கு அந்த அலறல்.

கீல் வகைக்கு ஒரு ஆபத்து உண்டு. இழுக்கும்போதே கை திரும்பிவிட்டால் பாதி வழியில் கொக்கி விடும், 20 கிலோ இழுப்பின் வேகத்தில் உங்கள் முஷ்டி உங்கள் வாயில். முதல் வாரம் வீங்கிய உதட்டோடு வந்தாள். அன்றிலிருந்து வில் இல்லாமல் பழகச் சொன்னார்கள். தன் இழுநீளத்துக்கு ஒரு நைலான் கயிறு, இரண்டு முனையும் முடிந்து வளையம். இடது கையில் வளையம், வலது கையில் ரிலீஸ். மாடியில், கூடத்தில், ஆட்டோவில், படிக்கும்போது. இழு, நில், முதுகை இறுக்கு, டப். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. மயிலாப்பூரில் 50 மீட்டர் நேர்கோடு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், இந்தக் கயிற்றில்தான் அவளுடைய வில்வித்தையின் பெரும்பகுதி நடக்கிறது. மைதானத்துக்குப் போகும் ஒரு காலை அவளை ஐ.ஐ.டி. வழியாகக் கூட்டிப்போனேன். புள்ளிமான்கள் சாலை ஓரத்தில் குப்பைத்தொட்டியை மோந்துகொண்டிருந்தன. மான் தலை போட்ட பெட்டியில் வந்த சாமானைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் அவற்றை ஃபோனில் படம் எடுத்தாள்.

பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-இல் ஷீத்தல் தேவி எய்ததை அவள் எனக்குக் காட்டினாள். கையே இல்லாத ஜம்முப் பெண், பதினேழு வயது. வலது காலால் வில்லைப் பிடிக்கிறாள், நாணைத் தோளில் கட்டிய ரிலீஸில் மாட்டி இழுக்கிறாள், வாயால் விடுகிறாள். ராகேஷ் குமாரோடு கலப்பு இரட்டையரில் வெண்கலம். துரோணர் இவளிடம் என்ன கேட்டிருப்பார்? அந்தக் காட்சியை நான் நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை. எப்போது விட்டாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. வகுப்பை நிறுத்திவிட்டாள், தட்டுக்கழி மட்டும் ஊஞ்சலுக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் ஊஞ்சலில் உட்கார்ந்து பேத்தி கயிற்றை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டினாள். அவள் ரிலீஸைக் கொடுத்தாள்.

அம்மா அதைக் கடகாமுகத்தில் பிடிக்கப் பார்த்தாள். மூன்று விரல் நுனியில் பித்தளை நிற்கவில்லை.

"அப்படி இல்ல பாட்டி. உள்ள விரலை விடு. மடக்கிப் பிடி."

"அப்போ இது முஷ்டின்னா! அந்த மணிக்கட்டுல கட்டிண்டிருந்தியே, அது?"

தங்கை மகள் ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைத்துக் காட்டினாள்.

"தாம்ரசூடம். சேவல்." அம்மா சிரித்தாள். "பொத்தான் ஒண்ணு இருந்ததே?"

நிமிர்ந்த கட்டைவிரலை அவள் மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"சிகரத்துலேர்ந்து முஷ்டிக்கு. சரி. கயித்தைக் குடு."

இடது கையில் வளையத்தை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அம்மா இழுத்தாள். காதுவரை வந்தது, பழைய அளவு அப்படியே. வலது பாதம் தரையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிட்டது. தங்கை மகள் அதைப் பார்த்து என்னைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாதம் எட்டுக்கு வந்தபோது அம்மாவின் கண் விரிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மறு ஆவர்த்தனம். எட்டு. ஒன்றும் இல்லை. கை லேசாக நடுங்கியது.

மூன்றாவது ஆவர்த்தனத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கேயோ, டப்.

"சே," என்றாள் அம்மா. "தாளம் தப்பிடுத்து."

"இன்னொரு தடவை பாட்டி," என்று தங்கை மகள் கொக்கியை மாட்டினாள்.